மூலைவீட்டுக் கண்

"சொன்னா வேலை போச்சு. வாயைத் திறக்காத!"

மூன்று நாளாகக் கமலம்மாள் மகனிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹேமந்துக்கு ராணுவத்தில் இடம் கிடைத்திருந்தது. ஓட்டம் முடிந்து, எழுத்துத் தேர்வு முடிந்து, மெடிக்கலும் பாஸ். பயிற்சிக்குக் கிளம்ப இன்னும் இருபதே நாள். இந்த நேரம் பார்த்தா, விடிகாலை ஓடப்போனவன் விழுந்து இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட வேண்டும்?

"மெடிக்கல்தான் முடிஞ்சு போச்சல்ல? இனி யாரு கேக்கப் போறாங்க? கிளம்பற அன்னிக்கு மாவுக்கட்டைப் பிரிச்சுட்டு, முழுக்கைச் சட்டை போட்டுட்டுப் போ."

"அங்க கயிறு ஏறச் சொல்வாங்கம்மா. சட்டையா ஏறும்?"

"எல்லாம் அந்த மூலைவீட்டு கௌரம்மா கண்ணு! நீ பாஸாயிட்டேன்னு கேட்டதும், 'எவ்ளோ உயரம் வளந்துட்டான்'னு தலையில இருந்து கால் வரைக்கும் பாத்தாளே, நாலே நாள்ல கை போச்சு. நான் என்ன பண்ணியும் அந்தக் கண்ணு விடலியே!"

"விழுந்து கிடந்தவனைத் தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில சேத்ததே அந்த ஆண்ட்டிதாம்மா."

"யாரு கேட்டா அவளை? என்கிட்டச் சொல்லியிருந்தா ஹனூருக்குக் கூட்டிட்டுப் போயி, நம்ம ஊர்ல கட்டுப் போடறவர் கையில காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சிருப்பேன். எக்ஸ்ரே, சீட்டுன்னு ஆதாரத்தை உண்டாக்கிட்டு வந்திருக்கா. ஆமா, நீ பார்க் கிட்ட ஈரத்துல வழுக்கி விழுந்தேங்கற. அந்நேரத்துக்கு அவளுக்கு அங்க என்ன வேலை?"

ஹேமந்த் ஒரு நிமிடம் தயங்கினான். "வாக்கிங் வந்திருந்தாங்க."

"ஏனுங்க, நீங்களாவது அவனுக்குச் சொல்லுங்க!"

மைசூரில் கட்டட மேஸ்திரியாக இருக்கும் அவள் கணவர் மல்லப்பன் சோற்றுக் கேரியரை எடுத்துக்கொண்டார். "எனக்கு இன்னிக்கு கான்கிரீட் போடற வேலை இருக்குது" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டார். நல்ல மனுஷர், ஆனால் வீட்டில் சண்டை என்றால் அவருக்கு எப்போதுமே கான்கிரீட் இருக்கும்.

நான்காம் நாள் ஹேமந்த் ஆஸ்பத்திரிச் சீட்டோடு கிளம்பிவிட்டான். "மறைச்சுட்டுப் போய் அங்க மாட்டறதுக்கு, இங்கயே சொல்லிடறேன்." தடுக்க முடியவில்லை. அதிகாரியின் காலில் விழுந்தாவது மகனின் வேலையைக் காப்பாற்றிவிடலாம் என்று கமலம்மாளும் கூடவே கிளம்பினாள்.

மூலைவீட்டைத் தாண்டும்போது கௌரம்மா கேட்டைத் திறந்து வந்து ஹேமந்திடம் ஒரு கவரைக் கொடுத்தாள். "கேட்டா மட்டும் கொடுப்பா" என்றாள் கன்னடத்தில்.

கமலம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் காதில் விழும்படி காறித் துப்பினாள்.

கௌரம்மா கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ராணுவ அலுவலகத்தில் இருந்த சுபேதார் மண்டியா பக்கத்துக்காரர். ஹேமந்த் சொன்னதை முழுக்கக் கேட்டார். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சொன்னது நல்லதாப் போச்சு" என்றார் கன்னடத்தில். "பயிற்சிக்குப் போனதும் அங்கே மறுபடியும் பரிசோதனை உண்டு. மறைச்சிருந்தா அன்னிக்கே திருப்பி அனுப்பியிருப்பாங்க. மறைச்சவன்னு பேரும் சேந்திருக்கும். முதல்ல கை ஆறட்டும். ஆறு வாரம் கழிச்சு மறு மெடிக்கலுக்கு வா. தேறிட்டா அடுத்த பேட்ச்."

"இடம் போகலீங்களா, சார்?"

"போகலம்மா. தள்ளித்தான் போகுது."

கமலம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இன்னும் ஒண்ணு" என்று பேனாவை எடுத்தார் சுபேதார். "எப்படி அடிபட்டதுன்னு நான் எழுதணும். குடிச்சுட்டு விழுந்தியா, சண்டையா, வண்டியான்னு மேல கேப்பாங்க. பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

ஹேமந்த் அம்மாவைப் பார்த்தான். "நீ கொஞ்சம் வெளிய இரும்மா."

"எதுக்கு? நான் இங்கயேதான் இருப்பேன்."

வேறு வழியில்லாமல் கவரை நீட்டினான். சுபேதார் அதைப் பிரித்துச் சத்தமாகவே படித்தார். மைசூருக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. கமலம்மாளுக்குக் கன்னடம் ஒரு வார்த்தை விடாமல் புரியும்.

'காலை ஐந்தரை மணி இருக்கும். என் வீட்டு முன்னால் மூன்று ரோடு கூடும் இடத்தில் யாரோ திருஷ்டி கழித்து உடைத்த பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. இருட்டில் ஓடி வந்த பையன் அதில் கால் வைத்து வழுக்கி விழுந்தான். கேட் திறக்க வந்த நான் என் கண்ணால் பார்த்தேன். பையன் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவனுக்கு இந்த வேலை போகக் கூடாது. இப்படிக்கு, கௌரம்மா.'

கமலம்மாளின் கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"இந்த ரோட்டுல பூசணிக்காய் உடைக்கறவங்களைப் பிடிச்சு உள்ள போடணும்" என்றார் சுபேதார் எரிச்சலாக. "யாரு உடைச்சதுன்னு தெரியுமாப்பா?"

ஹேமந்த் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தெரியாது, சார்."

"பொய் சொல்றான், சார்." கமலம்மாள் மேஜை அருகே வந்தாள். "அவனுக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். உடைச்சது நான். என் பையன் மேல கௌரம்மா கண்ணு பட்டுடக் கூடாதுன்னு, அவன் விழுந்ததுக்கு முந்தின ராத்திரி அவங்க கேட்டுல நின்னு பாக்கப் பாக்க, அவங்க மூஞ்சிக்கு நேராவே உடைச்சேன்!"