வலிப்பு வந்தால்

"விழுந்து ஒதறிக்கும்போது கை காலப் புடிக்கலாமா, கூடாதா?"

ஜீவானந்தம் இப்படிக் கேட்டதும் செந்தாமரை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். மூன்று வருடம் கழித்துச் செங்கத்திலிருந்து மலையேறி ஜமுனாமரத்தூருக்கு வந்திருக்கிறான் புருஷன். தண்ணிகூடக் குடிக்காமல் அவளுடைய நோவைப் பற்றித்தான் கேட்கிறான்.

சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று அவள் அம்மா பாஞ்சாலி கோழி பிடிக்கக் கொல்லைக்கு ஓடிவிட்டாள்.

"புடிக்கக் கூடாதுங்க. பக்கத்துல கீற சாமானத்த நவுத்திட்டு, ஒருக்களிச்சுப் படுக்க வெக்கணும். வாயில எதுவும் திணிக்கக் கூடாது."

"இரும்பு குடுத்தா?"

"அதெல்லாம் சும்மா. டாக்டரே சொல்லிட்டாருங்க."

அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். கல்யாணமான புதிதில் அவள் அடுப்படியில் விழுந்தபோது, வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்று சாவிக்கொத்தை விட்டெறிந்தவன் இவன்தான். மறுநாளே பஸ் ஏற்றி இங்கே கொண்டுவந்து தள்ளிவிட்டு, அப்புறம் போனைக்கூட எடுக்காத மகராசன். அதையெல்லாம் கிளற இன்றைக்கு அவளுக்கு மனசில்லை. மனுஷன் திருந்தக் கூடாதா என்ன?

"தெளிஞ்சு எழுந்திரிக்கும்போது எப்டி இருக்கும்?"

"கண்ணு சரியாத் தெரியாது. யாரு எவருன்னு புரியாது, பயமா இருக்கும். கூட ஒருத்தரு உக்காந்து மெதுவாப் பேசிக்கினு இருந்தாப் போதுங்க."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அந்த வீட்டில் அப்படி ஒருத்தர் அவளுக்கு வாய்க்கவில்லை.

"நான் உக்காந்துக்கறேன்" என்றான் ஜீவானந்தம். "டிவிய நிறுத்திட்டு, லைட்ட அணைச்சுட்டு, பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்துக்கறேன்." அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

அவள் எழுந்துபோய் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். அவன் வாங்கிப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"இதே மாத்திரதான்" என்றான் நிம்மதியாக.

"வேள தவறாம குடுக்கணும். நாமளா நிறுத்திட்டா மோசமாப் பூடும்."

"கசக்குதுன்னு துப்பிட்டா? சோத்துல பொதிச்சுக் குடுக்கவா?"

"நான் இன்னா கொழந்தையா?" என்று அவள் சிரித்தேவிட்டாள். சிரித்து எத்தனை காலமாயிற்று! அவன் சிரிக்கவில்லை. சோற்றில் எப்படிப் பொதிப்பது என்று மும்முரமாக யோசித்துக்கொண்டிருந்தான்.

இனி வாய்விட்டுக் கேட்கவும் வேண்டுமா? செந்தாமரை உள்ளே போய்ப் பையை எடுத்தாள். நல்ல புடவையாக நாலைந்தைத் தேடி மடித்து வைத்தாள். கண்ணாடியில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டாள்.

அவள் பையோடு வெளியே வரவும், பாஞ்சாலி கோழியை இடுக்கிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது.

"மாப்ள, துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டா. சாப்ட்டு சாயங்கால பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் கெளம்புங்க. எப்டியோ, எம் பொண்ணப் பாத்துக்கறேன்னு வந்துட்டீங்களே, நீங்க நல்லா இருக்கணும்!"

ஜீவானந்தம் பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பதறி எழுந்து இரண்டடி பின்னால் போனான்.

"அய்யய்ய, இது எங்க நாய்க்குங்க அத்த! வாயில்லா ஜீவன், நோவு வந்துடுச்சுன்னு வெரட்டி வுட முடியுமா?"