நின்றுகொண்டே

கடையின் கண்ணாடிச் சுவர் வழியாக விழும் காலை வெயிலில் உடற்பயிற்சி இயந்திரங்கள் வரிசையாகப் பளபளக்கின்றன. இதய அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதமான பஸ் டிரைவர் அம்மாள் அவற்றின் நடுவே நிற்கிறாள். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் ஓட்டிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்த கணவருக்குத்தான் இன்னும் மனம் வரவில்லை. சாய்ந்தபடி மிதிக்கும் சைக்கிள் ஒன்றின் இருக்கையைத் தட்டிக் காட்டுகிறார். "இதுல உக்காந்துக்கிட்டே மிதிக்கலாம். உனக்கு இதுதான் சரி."

"நீங்க நின்னுக்கிட்டே வந்தீங்க. நான் இருபத்தாறு வருஷம் உக்காந்தே ஓட்டிட்டேன். போதும்."

சட்டைக் கையை மடித்துவிட்டு டிரெட்மில்லில் ஏறுகிறாள். விற்பனைப் பெண் பொத்தானை அழுத்த, கறுப்புப் பட்டை மெல்லிய உறுமலோடு நகர்கிறது. முதல் அடியிலேயே தடுமாறுகிறாள். கணவர் பாய்ந்து வந்து முழங்கையைப் பிடிக்கிறார். "வேணாம், இறங்கு. அன்னிக்கு நீ ஸ்டியரிங் மேல சாஞ்சு கிடந்ததப் பாத்தவன் நான்."

"அதப் பாத்தீங்கல்ல? இப்ப இதையும் பாருங்க." அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விடுகிறாள். காலடிகள் தடதடவென்று சீராகின்றன. கழுத்துக்குக் கீழே எட்டிப் பார்க்கும் தழும்பில் வியர்வை மின்னுகிறது. திரையில் வேகம் சிவப்பாக நான்கு. மூச்சு வாங்குகிறது.

"நிறுத்திடவாம்மா?" என்று விற்பனைப் பெண் தயங்கிக் கேட்கிறாள்.

டிரைவர் அம்மாள் கையை நீட்டி ஐந்தை அழுத்துகிறாள்.