அணைக்கத் தெரியாத ஸ்கேனர்

முனியராஜுக்கு அநியாயம் நடந்துவிட்டது. செய்தது வேறு யாருமில்லை, அவன் மனைவி தங்கத்தாய். வண்டிக் கோளாறு பார்க்கிற ஸ்கேனர் வாங்கி வா என்று விருதுநகருக்கு அனுப்பினால், எது உதவாதோ அதைப் பார்த்து வாங்கி வந்திருக்கிறாள்.

தீபாவளி சீசன். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் பத்துப் பெண்களைக் காலையில் கொண்டுபோய் இறக்கி, சாயங்காலம் திரும்ப ஏற்றி வருகிற டிரிப் முனியராஜுடையது. அந்தப் பத்தில் தங்கத்தாயும் ஒருத்தி.

வண்டி, செகண்ட் ஹாண்டில் வாங்கிய பெட்ரோல் வேன். ரிப்பேரெல்லாம் வீட்டு வாசலில் அவனே பார்த்துக்கொள்வான். இப்போது டேஷ்போர்டில் மஞ்சள் லைட் எரிகிறது. இன்ஜினில் கோளாறு என்று அர்த்தம். அது எரிந்தால் கம்பெனி கேட்டில் ஃபோர்மேன் வண்டியை உள்ளே விடமாட்டார்.

இத்தனை நாள் பக்கத்துத் தெரு ராக்கப்பனின் ஸ்கேனர் கைகொடுத்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி ஒரு பட்டனை அமுக்கினால் லைட் அணையும். சாயங்காலத்துக்குள் மறுபடி எரியும். மறுநாள் மறுபடி அமுக்குவான்.

"இன்ஜினைப் பிரிச்சுப் பாக்க வேண்டியதுதானலே?" என்றான் ராக்கப்பன் ஒருநாள்.

"சீசன்ல வண்டியப் பிரிச்சுப் போட்டா டிரிப்பை யாரு பாப்பா? தீபாவளி முடியட்டும்."

"அப்ப சொந்தமா ஒண்ணு வாங்கிக்க. தினம் தினம் என்னால தர முடியாது."

ஞாயிற்றுக்கிழமை முனியராஜுக்குக் கல்யாணச் சவாரி. அதனால் தங்கத்தாய் போனாள். வந்தாள்.

"என்ன புள்ள இது? அணைக்கிற பட்டன் எங்க?"

"இதுல அது கெடையாதுங்க."

"கெடையாதா? பின்ன என்னதான் செய்யும்?"

"எந்தப் பிளக்குல கோளாறுன்னு நம்பர் காட்டும். அம்புட்டுத்தான்."

"அந்த நம்பரை வச்சு நான் நாக்கு வழிக்கவா?"

அங்கே வந்த ராக்கப்பன் அந்த மெசினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். "ஏலே, பொம்பளையச் சேலைக்கடைக்கு அனுப்பலாம். மெசின் கடைக்கு அனுப்பலாமா? கடை அண்ணாச்சி நல்லாத் தலையில கட்டிட்டாரு."

ஆண் ஏமாந்தால் கடைக்காரன் மோசக்காரன். பெண் ஏமாந்தால் அவளே மக்கு. ஊர் நியாயம் அப்படித்தானே?

தங்கத்தாய் உலை வைக்கப் போனாள்.

திங்கட்கிழமை காலை கேட்டில் ஃபோர்மேன் எட்டிப் பார்த்தார்.

"முனியராஜு, லைட்டு எரியுது. பொம்பளைகள இங்கனயே இறக்கிவிட்டுட்டுப் போ. சாயங்காலமும் எரிஞ்சா, நாளையில இருந்து வேற வண்டி பாத்துக்கிடுதோம்."

பெண்கள் இறங்கி நடந்தார்கள். முனியராஜ் தங்கத்தாயின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேரே விருதுநகருக்கு விரட்டினான்.

கடைக்காரர் லட்சுமிகாந்தம் அப்போதுதான் சாமி படத்துக்குப் பத்தி காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பொம்பளைன்னா எதையும் தலையில கட்டிருவீகளோ?"

"யாருப்பா கட்டுனது? அணைக்கிற மெசினைத்தான் முதல்ல எடுத்து வச்சேன். ரெண்டும் ஒரே விலை. உன் வீட்டம்மாதான் அணைக்க முடியாதது வேணும்னு ஒத்தக்கால்ல நின்னு வாங்கிட்டுப் போச்சு."

"அணைக்க முடியாததா?"

"நானும் ரெண்டு தடவை கேட்டேன். எதுக்குன்னு வீட்டுல கேட்டுக்க. மாத்தித் தரட்டா?"

"மாத்துங்க, அண்ணாச்சி."

சாயங்காலம், கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை நிறுத்தி, புது ஸ்கேனரைச் சொருகிப் பட்டனை அமுக்கினான். லைட் அணைந்தது. ஃபோர்மேன் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். வண்டி உள்ளே போனது.

வேலை முடிந்து பெண்கள் வந்தார்கள். தங்கத்தாய் டேஷ்போர்டைப் பார்த்தாள்.

"மாத்திட்டீகளா?"

"பின்ன? டிரிப்பை விட்டுட்டு வீட்டுல உக்காந்திருக்கவா? ஏறு."

அவள் ஏறவில்லை. படியில் கை வைத்து வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏக்கா, காலு வலிக்கு. ஏற விடேன்" என்றாள் பின்னால் நின்ற முத்துமாரியம்மாள்.

"செத்த பொறு தாயி. ஏங்க, இங்கன வாங்க."

வண்டிக்குப் பின்புறம் போனாள். முனியராஜ் இறங்கி, கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தான்.

"கேட்டுல மானம் போனது பத்தாதா? புருசன் பொழைப்பைக் கெடுக்கன்னே கேட்டு வாங்குனியா?"

"சத்தம் போடாதீக. அவளுக காதுல விழுந்தா நாளைக்கு ஒருத்தி ஏற மாட்டா. அதுக்காகத்தான் நானும் யாருகிட்டயும் சொல்லல."

"எதைச் சொல்லல?"

"சனிக்கிழமை இருட்டுன பெறவு வரும்போது கடைசி சீட்டுல இருந்து பாத்தேன். அந்தக் கோளாறுல இந்தச் சைலன்சர் டப்பு டப்புன்னு வெடிச்சுத் தீப்பொறி தெறிச்சுச்சு. அணைக்கிற மெசின் கையில இருந்தா நீங்க தீபாவளி வரைக்கும் அமுக்கிக்கிட்டேதான் இருப்பீக. இல்லைன்னா ஒரு நாள் வண்டியப் பிரிச்சுத்தானே ஆகணும்?"

"ஃபோர்மேனே பாத்துட்டு உள்ள விட்டுட்டாரு புள்ள..."

தங்கத்தாய் முந்தானையை எடுத்து அவன் முன்னால் விரித்தாள். பகலெல்லாம் பட்டாசுக்கு வெடிமருந்து அடைத்ததில் சேலை முழுக்கச் சாம்பல் நிறத் தூசி மினுங்கியது.

"ஃபோர்மேன் லைட்டைப் பாப்பாருங்க. பத்துப் பேரு சேலையில இருக்குற இந்த மருந்து லைட்டைப் பாக்காது."