தவிர்க்க வேண்டிய இடங்கள்

"இடதுபுறம் திரும்பவும்" என்றது வழிகாட்டிக் கருவி.

மருந்துக்கடைக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நேராகப் போ என்றல்லவா அது சொல்லியிருக்க வேண்டும்? நேரே ஆற்றுப் பாலம். தாண்டினால் கால் மணி நேரத்தில் நாத்தனார் வீடு. இடதுபுறம் போனால் ஆற்றோரமாகவே ஊர்ந்து, அடுத்த பாலத்தில் ஏறி, அக்கரையில் அத்தனை தூரமும் திரும்பி வர வேண்டும். ஒன்றரை மணி நேரம்.

கணவன் மறுபேச்சில்லாமல் காரை இடப்பக்கம் திருப்பினான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். மேலே, கீழே என்ற இரண்டைத் தவிர வேறு எந்தத் திசையும் அவன் மண்டையில் ஏறாது என்பது குடும்பத்தில் எல்லோரும் அறிந்தது. கருவி சொன்னால் சொன்னதுதான்.

ஆனால் இன்றைக்கு அது அப்படிச் சொல்ல வழியே இல்லை.

கருவி வாங்கிய அன்று அதன் கையேட்டை அவன் பிரித்துக்கூடப் பார்க்காமல் அலமாரியில் போட்டுவிட்டான். மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் காகிதத்தையே விடாமல் படிக்கிறவள் அவள். இதை விடுவாளா? நாற்பத்தேழாம் பக்கத்தில் அகப்பட்டது அந்த வசதி: 'தவிர்க்க வேண்டிய இடங்கள்'. ஓர் இடத்தை அதில் குறித்துவிட்டால் கருவி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

அவள் பாலத்தைக் குறித்தாள்.

அதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கே நாத்தனார் முன்னால் போய் உட்கார வேண்டியிருக்கும். சாப்பாடு பன்னிரண்டுக்கு. அதுவரை விசாரணைதான். ஏன் இளைத்துவிட்டாய், ஏன் பருத்துவிட்டாய், அந்த நிறத்தில் திரைச்சீலை வாங்கச் சொன்னது யார்.

பாலத்தைக் குறித்த பிறகு, போய் இறங்கினால் நேரே கைகழுவி உட்கார வேண்டியதுதான். வாய் நிறையச் சாப்பாடு இருப்பவளிடம் எவ்வளவுதான் கேட்க முடியும்?

"பாலத்துல ஏதோ வேலை நடக்குது போலக்கா" என்று அவன் வாராவாரம் அப்பாவியாகச் சொல்லுவான். தெருமுனையைத் தாண்டாத அக்காவும் நம்பிவிடுவாள். இவளுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருக்கும்.

போன வாரம்தான் மனசு சங்கடப்பட்டது. நாத்தனார் வெயிலில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு மணி நேரமாக நிற்கிறாளாம். தம்பி எங்கே வழி தெரியாமல் திண்டாடுகிறானோ என்று. அன்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதுதான் இவளை வாரம் முழுக்க உறுத்தியது.

அதனால் இன்று காலை எட்டு மணிக்கு, கணவன் குளிக்கப் போன சமயம் பார்த்து, காருக்குப் போய்ப் பாலத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள். பட்டியல் காலி என்று கருவியே காட்டியது.

பிறகு ஏன் இடதுபுறம்?

வழியில் டயருக்குக் காற்றடிக்கக் கணவன் காரை நிறுத்தி இறங்கினான். அவன் பின்சக்கரத்தருகே குனியும்வரை பொறுத்திருந்து, அவள் பட்டியலைத் திறந்தாள்.

ஒரே ஒரு இடம். பாலம்.

அழுத்தும்போது விரல் தவறியிருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் அதன் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள்.

குறிக்கப்பட்டது: இன்று, காலை 9.52.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு அவள் வீட்டுக்குள் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தாள். காருக்குள் இருந்தது ஒரே ஆள்.

கதவு திறந்தது. திரையை மூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

கணவன் உட்கார்ந்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு, தடுமாறாமல் சரியான இரண்டு பொத்தான்களை அழுத்தி வரைபடத்தைத் திரும்ப வரவழைத்து, காரைக் கிளப்பினான்.

வலப்பக்கம் ஆறு வந்துகொண்டே இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவள் நாத்தனாரைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணி, வெயில்ல நிக்காதீங்க, உள்ளே போய் உக்காருங்க. நாங்க வர பன்னெண்டாயிடும்."

கணவன் காரின் வேகத்தை இன்னும் சற்றுக் குறைத்தான்.