பாதி விலை டிரிகர்

"ஆயுசு பூரா ஸ்கூல் பஸ் ஓட்டினவன் கையில துப்பாக்கியா? உன்னைப் பார்த்தா மான் சிரிச்சே செத்துடும்டா!"

ஆர்விட் வயிறு குலுங்கச் சிரித்தார். எதிர்வீட்டு டெல்மர் கோபித்துக்கொள்ளவில்லை. பூட்ஸில் ஒட்டிய பனியை வாசலில் உதறிவிட்டு, ஒரு பார்சலை நீட்டினார்.

"எங்க அண்ணன் பையன் கொடுத்த பழைய துப்பாக்கி. உன்னோட அதே மாடல்தான். டிரிகர் ரொம்பக் கெட்டியா இருக்கு. மாத்திடலாம்னு இதை வரவழைச்சேன்."

"என்ன விலை?"

"பெரிய கம்பெனிக்காரன் சொல்றதுல பாதிகூட இல்லை."

"அதானே பார்த்தேன்! ஓசித் துப்பாக்கிக்கு ஒண்ணுக்கும் உதவாத டிரிகர். ஜோடிப் பொருத்தம் பிரமாதம்."

"அதான் எனக்கும் பயமா இருக்கு. முதல்ல உன் துப்பாக்கியில மாட்டிச் சுட்டுப் பாரேன். நல்லாயிருந்தா நான் போட்டுக்கறேன். இல்லைன்னா திருப்பி அனுப்பிடறேன்."

ஆர்விட்டுக்குச் சுருக்கென்றது. என்ன நெஞ்சழுத்தம்! தன் துப்பாக்கி கெட்டுவிடக்கூடாதாம், சோதனைக்கு அடுத்தவன் துப்பாக்கி வேண்டுமாம்.

இருந்தும் பார்சலை வாங்கினார். பிரிக்கத்தான் முடியவில்லை. மூட்டுவலியில் வீங்கிய விரல்கள் டேப்பின் நுனியைத் தேடித் தடுமாறின. டெல்மர் எதுவும் பேசாமல் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

ஆர்விட் ஊருக்கு மறைத்த சங்கதி அந்த விரல்தான். துப்பாக்கியோடு வந்த டிரிகரை அழுத்த அதற்குத் தெம்பில்லை. முக்கி இழுத்தால் குழல் ஆடிவிடும். போன சீசனில் கண்ணெதிரே நின்ற மானைக் கோட்டை விட்டுவிட்டு, 'ஏரிக்காத்து குண்டைத் திருப்பி விட்டுடுச்சு' என்று வேட்டை கேம்ப் முழுக்கக் கதையளந்தார். இந்த வருஷமும் அப்படியானால் துப்பாக்கியை விற்றுத் தொலைப்பது என்று மனசுக்குள் அழுதுகொண்டே முடிவு செய்திருந்தார்.

இலகுவான டிரிகர் ஒன்று வாங்கிப் போட்டால் தீர்ந்தது. ஆனால் அதே கேம்பில் வருஷா வருஷம் அவர் அடித்த வசனம் குறுக்கே நின்றது. "டிரிகரை மாத்தறவன் முதல்ல விரலை மாத்தணும்!"

இது டெல்மருக்காகச் செய்யும் சோதனைதானே? அன்றைக்கே மாட்டினார்.

"இர்மா, உன் நெயில் பாலிஷைக் கொடு."

"இந்த வயசுல என்ன திடீர் ஆசை?" என்றாள் மனைவி.

"ஸ்க்ரூ கழலாம இருக்க ஒரு சொட்டு வைக்கணும்டி!"

அவளிடம் இருந்தது ரோஸ் கலர்தான். அதையே வைத்தார். குண்டு போடாத துப்பாக்கியின் கட்டையை ரப்பர் விரிப்பில் ஓங்கி ஓங்கித் தட்டினார். டிரிகர் தானாக விடுபடவில்லை. சேஃப்டி பூட்டைப் போட்டுப் போட்டு எடுத்தார். ஒரு குறையும் அகப்படாததில் அவருக்குக் கோபம்கூட வந்தது.

மறுநாள் சுடும் பயிற்சித் திடல். விரல் பட்டதுதான் தெரியும், வெடித்தது. வலிக்கவே இல்லை. அட்டையில் ஓட்டைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. ஆர்விட் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு?" என்று வந்து நின்றார் டெல்மர்.

"சுமார். கடுங்குளிர்ல எப்படின்னு பார்க்கணும்."

அடுத்த வாரம் குளிர் வந்தது. டெல்மரும் வந்தார்.

"ஈரத்துல பார்க்கணும்டா."

ஈரமும் ஆயிற்று.

"மானைப் பார்த்ததும் கை பதறும் பாரு, அந்தப் பதட்டத்துல தாங்குதான்னு பார்க்க வேண்டாமா?"

"பாரு, பாரு. எனக்கொண்ணும் அவசரமில்லை."

சரியான ஏமாளி என்று ஆர்விட் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

சீசன் முதல் நாள். கிளைவிட்ட கொம்போடு பெரிய ஆண்மான். ஒரே குண்டு. கேம்பே ஆர்ப்பரித்தது.

"காத்து இல்லையா ஆர்விட் இன்னிக்கு?" என்றான் ஒருவன்.

"எல்லாம் விரல்டா, விரல்!" என்று உயர்த்திக் காட்டினார்.

டிரிகரைப் பற்றி மூச்சு விடவில்லை.

சீசன் முடிந்து ஆளாளுக்குக் கறியைப் பங்கிட்டபோதுதான் மனசு உறுத்தியது. சிநேகிதன் பொருளை வைத்துக்கொண்டு இப்படியா சாக்குச் சொல்வது? இந்த சீசனில் அவன் ஒருநாளாவது வேட்டைக்குப் போனானா? ஆர்விட்டுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. இர்மாவின் உதவியோடு டிரிகரைக் கழற்றினார். ஒரு பொட்டலம் மான்கறியும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

டெல்மரின் மனைவி லோயிஸ் மாவுக் கையோடு திறந்தாள்.

"லோயிஸ், அவன் துப்பாக்கியை எடும்மா. நானே இதை மாட்டிக் கொடுத்துட்டுப் போறேன்."

"துப்பாக்கியா? எங்க வீட்லயா?" அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நல்லா கேட்டீங்க அண்ணே! பொறியில சிக்கின எலியைக்கூட கார்ல வச்சுக் காட்டுல இறக்கி விட்டுட்டு வர்ற மனுஷன் அவரு. அவருக்கு எதுக்கு துப்பாக்கி?"

ஆர்விட் உள்ளங்கையைப் பார்த்தார். ரோஸ் பொட்டு வைத்த டிரிகர். தான் பிரிக்க முடியாமல் திணறிய பார்சலும், அதைப் பேசாமல் பிரித்துக் கொடுத்த கைகளும் நினைவுக்கு வந்தன.

வீட்டின் பின்னாலிருந்து, பனி அள்ளும் மண்வெட்டியோடு டெல்மர் வந்தார். ஆர்விட் கையில் டிரிகரைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்ன ஆர்விட், சோதனை முடிஞ்சுபோச்சா?"

ஆர்விட் டிரிகரைக் கோட்டுப் பையில் போட்டு, பையின் பித்தானையும் கஷ்டப்பட்டு மாட்டினார். கறிப் பொட்டலத்தை நீட்டினார்.

"எங்கடா முடிஞ்சுது? இன்னும் நாலஞ்சு சீசனாவது பார்த்தாத்தான் சொல்ல முடியும்."