கல்லீரலைக் காப்பாற்ற

"பொய்! வாயைத் திறந்தாலே பொய்!" ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை டாக்டரின் மேஜையில் ஓங்கித் தட்டினாள் அவள். "குடிக்காமலேயே கல்லீரல் இப்படிக் கெட்டுப்போகுமா?"

"சத்தியமா குடிக்கலை. அந்த ஆபீஸ் பார்ட்டிக்கப்புறம் ஒரு சொட்டுகூடத் தொடலை," என்றான் கணவன்.

"ஆறு மாசமா இதே பாட்டு!"

"உங்க சண்டையை வீட்டுல வச்சுக்குங்க," என்று எரிந்து விழுந்தார் டாக்டர். "போன வருஷ ரிப்போர்ட்ல எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு. ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"தலைவலிக்குக்கூடப் போட மாட்டேன் டாக்டர்."

அவள் பொறுமையிழந்து கைப்பையிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தாள். "இவர் திருந்தப்போறதில்லை. கல்லீரலையாவது காப்பாத்தணும். மஞ்சள்தூள் மாத்திரையா, கிரீன் டீ மாத்திரையா, எது நல்லதுன்னு சொல்லுங்க."

டாக்டர் கிரீன் டீ டப்பாவைத் திறந்து பார்த்தார். "இது சிலருக்குக் கல்லீரலையே கெடுத்துடும்மா. ஆமா, பாதி காலியா இருக்கே, யார் சாப்பிடுறது?"

"நான் இல்லை," என்று சீறினான் கணவன். "அதைக் கண்ணால பார்க்கிறதே இப்பத்தான்!"

அவள் அவசரமாக அந்த டப்பாவை வாங்கி மூடினாள். அவன் பொய் சொல்லவில்லை. அந்தப் பார்ட்டிக்கு மறுநாளிலிருந்து, தினமும் காலையில் அதைப் பொடித்து அவனுடைய காபியில் கலந்தது அவள்தான்.