கூர் மரை

"இந்தத் திருகு என் தாடைக்கு வேண்டாம் டாக்டர்," என்றாள் சிகிச்சை நாற்காலியில் சாய்ந்திருந்த பெண்.

பல் மருத்துவர் சிரித்தார். "ஏம்மா? செயற்கைப் பல்லைத் தாங்க இதைவிட நல்லது கிடையாது."

"மரை ரொம்பக் கூர்மை, திருகும் ஒல்லி. மெல்லும்போது அழுத்தமெல்லாம் மேல் விளிம்பு எலும்புல இறங்கும். எலும்பு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சிடும்."

"வடிவமைச்சவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?"

"அன்னிக்கு எனக்கும் தெரியல டாக்டர்." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வடிவமைச்சது நான்தான். வித்த திருகையெல்லாம் கம்பெனி திரும்ப வாங்க மாட்டேங்குது. அதான் ஒவ்வொரு கிளினிக்கா ஏறி இறங்கறேன். விஷயத்தைச் சொன்னா வாசல்லயே அனுப்பிடறாங்கன்னு நோயாளியா வந்தேன். என் பல்லுக்கு ஒண்ணுமில்ல."

மருத்துவர் கையிலிருந்த திருகைக் கீழே வைத்தார். வரவேற்பறைப் பக்கம் திரும்பி, "இதை யார் யாருக்கு வச்சிருக்கோம்னு பட்டியல் எடும்மா. ஒருத்தரையும் விடாம நாளைக்கே வரச் சொல்லு," என்றார்.